முழு வழியையும் சொல்லிவிட்டுப் போங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். குறிப்பாக என்னிடம் படித்து இன்று சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி. கம்பெனிகளில் இருக்கிற பிள்ளைகள் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த மறுநாள், நம் ஊர் உயர்நிலைப்பள்ளியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. லீவுக்கு ஊருக்கு வந்திருந்த இரண்டு சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செல்போன், வைஃபை போன்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் பற்றியும், அந்தத் துறையில் இருக்கும் வேலைகள் பற்றியும் பேசினார்கள். இரண்டு பேருமே நம் ஊர்ப் பிள்ளைகள்தான். ஒருவன் என்னிடம் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படித்தவன். பெண், பக்கத்துத் தெரு. தலைமையாசிரியர் என்னையும் அழைத்திருந்தார். ஓய்வு பெற்றவர்களை முன் வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போடுவது வழக்கம்தானே. எனக்கும் ஒன்று போட்டார்கள்.

முதலில் பையன் பேசினான். பெரிய திரை, அதில் படங்கள். ஐந்து ஜி, ஆறு ஜி, தானாக ஓடுகிற கார், மனிதனே இல்லாத தொழிற்சாலை. அவன் வேலை பார்க்கிற கட்டடம், அங்கே இருக்கிற சாப்பாட்டுக்கூடம், வேலை விஷயமாக வெளிநாடு போனபோது எடுத்த போட்டோ எல்லாம் காட்டினான். பிள்ளைகள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். நான் சிலேட்டில் 'அ' திருத்திய கை அது, பெருமை இல்லாமல் இருக்குமா?

முடிக்கும்போது ஒன்று சொன்னான். "தமிழ் மீடியத்துல படிச்சதுதான் என்னோட பெரிய மைனஸ். இங்கிலீஷ் இல்லாட்டி இந்தத் துறையில நிக்கவே முடியாது. நீங்க இப்பவே முழிச்சுக்கணும்." அதற்கும் கை தட்டினார்கள்.

அடுத்துப் பேசிய பெண்ணிடம் திரையும் இல்லை, படமும் இல்லை. சாக்பீஸ் கேட்டு வாங்கிக்கொண்டாள். "அலையோட வேகம் எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள். ஒரு பையன் எழுந்து, "அதிர்வெண் பெருக்கல் அலைநீளம்" என்றான். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். "சரி, ரேடியோ அலை ஒரு விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். திருச்சி வானொலியோட மத்திய அலை 936 கிலோ ஹெர்ட்ஸ். ஒரு அலை எவ்வளவு நீளம்? வகுத்துச் சொல்லுங்க" என்றாள்.

வகுத்தார்கள். சுமார் 320 மீட்டர் வந்தது. "நம்ம பள்ளிக்கூட கேட்டுல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் இருக்குமா? அவ்வளவு நீளம் ஒரே ஒரு அலை" என்றாள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம், "நம்ம செல்போன் பல அலைவரிசைகள்ல வேலை செய்யும். அதுல ஒண்ணு 1800 மெகா ஹெர்ட்ஸ். இப்ப அதையும் வகுங்க." கொஞ்ச நேரம் ஆனது, சைபர்கள் தகராறு செய்தன. கடைசியில் ஒரு பெண் பிள்ளை சொன்னாள், கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் என்று. "உன் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை எடு. அது 15 சென்டிமீட்டர். அதைவிட இத்துனூண்டு பெரிசு."

பின்னால் இருந்து ஒரு பையன் கேட்டான். "அக்கா, பச்சமலை மேல எங்க பாட்டி ஊர்ல ரேடியோ எடுக்குது, போன் எடுக்க மாட்டேங்குது. அது ஏன்?"

அவள் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. நீளமான அலை தரையை ஒட்டிப் போகும், மேடு பள்ளத்தை ஓரளவுக்கு வளைந்து தாண்டிவிடும். குட்டி அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் போகும், குறுக்கே மலை வந்தால் அதற்கு அப்பால் நிழல் விழுகிற மாதிரி சிக்னல் விழாது என்று கரும்பலகையில் மலையை வரைந்து காட்டினாள். ரேடியோ நிலையத்தின் சக்தி டவரின் சக்தியை விடப் பல மடங்கு அதிகம் என்பதையும் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை. "இன்னொரு காரணமும் இருக்கு தம்பி. அங்க டவர் வைக்கணும்னா ரோடு வேணும், கரண்ட் வேணும். நூறு வீட்டுக்கு அவ்வளவு செலவு பண்ணணுமான்னு கம்பெனி கணக்குப் போடும். அது அலையோட குற்றம் இல்ல." நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் சொல்கிறேன், அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு அறிவியல் பாடமும் ஒரு சமூக அறிவியல் பாடமும் சேர்ந்து இருந்தன.

அப்புறம் தன் வேலையைச் சொன்னாள். துறையூரிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது போனில் பேசிக்கொண்டே போகிறோம். வழியில் எத்தனையோ டவர் மாறுகிறது, பேச்சு அறுந்து போவதில்லை. எந்த டவரை விட்டு எந்த டவருக்கு, எந்த நொடியில் மாற வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு மென்பொருள். அந்த மென்பொருள் சரியாக முடிவெடுக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. "நான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து இல்லாத பஸ்ஸை ஓட்டிப் பார்ப்பேன்" என்றாள். இவ்வளவு நாளாக நான் சாஃப்ட்வேர் என்றால் ஏதோ வங்கிக் கணக்கு சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன்.

தேனிக் கதையையும் அவள்தான் சொன்னாள். வீட்டு வைஃபை நாலு சுவர் தாண்டினால் படுத்துவிடுகிறது. அதே வைஃபையை வைத்து 2005-ஐ ஒட்டிய வருடங்களில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்று வட்டார ஊர்களில் இருக்கிற சிறு கண் பரிசோதனை நிலையங்களையும் இணைத்தார்கள். பல கிலோமீட்டர் தூரம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவமனையோடு சேர்ந்து செய்த வேலை. ஆன்டெனாவை ஒரே திசையைப் பார்க்கிற மாதிரி வைத்தார்கள். ஆனால் அது மட்டும் போதவில்லை. சாதாரண வைஃபை, தகவலை அனுப்பிவிட்டு "கிடைத்தது" என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். தூரம் அதிகமானால் பதில் வந்து சேர்வதற்குள், போகவில்லை போல என்று நினைத்து மறுபடி அனுப்பும். அந்தப் பேச்சு முறையையே மாற்றி எழுதினார்கள். ஊரில் இருக்கிற பாட்டி பஸ் ஏறித் தேனிக்குப் போகாமல், தன் ஊர் நிலையத்தில் உட்கார்ந்தபடியே மருத்துவரிடம் கண்ணைக் காட்ட முடிந்தது. "இதுல இரும்பு வேலை கொஞ்சம், எழுத்து வேலை நிறைய. அந்த எழுத்து வேலைக்குப் பேருதான் சாஃப்ட்வேர்" என்று முடித்தாள்.

கைதட்டல் அவளுக்குக் கொஞ்சம் குறைவுதான். போட்டோவும் அவனோடுதான் நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். அது இயல்பு. இதோடு நின்றிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. சைபர்களோடு மல்லுக்கட்டி 17 சென்டிமீட்டர் என்று சொன்னாளே, அந்தப் பெண் நல்ல மார்க். அவளுடைய அப்பா டிப்பர் லாரி ஓட்டுகிறார். ஜனவரி நிகழ்ச்சிக்குப் பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்ததால் அவரும் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, பாப்பாவை பிரைவேட்ல இங்கிலீஷ் மீடியம் சேர்த்துட்டேன். வருஷத்துக்கு 65,000. அட்வான்ஸ் 5,000 கட்டிட்டேன். மீதிக்கு வட்டிக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

"ஏன்ப்பா, துறையூர்ல அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கே?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு அந்தத் தம்பி சொன்னாரே டீச்சரம்மா. தமிழ் மீடியம்தான் மைனஸ்னு. அவரே சொல்லும்போது..."

எனக்குப் பகீரென்றது. உங்களில் பலருக்கு ஏன் என்று தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கு, தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி முடிகிற வரை மாதம் 1,000 ரூபாயும் உண்டு. பதினொன்றாம் வகுப்புக்குச் சுயநிதி தனியார் பள்ளிக்குப் போன நிமிடமே இந்த இரண்டும் போய்விடும். ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்தது கணக்கில் வராது. அதாவது, இன்ஜினியர் ஆக வேண்டும் என்று கடன் வாங்கி, இன்ஜினியர் ஆவதற்கு இருந்த இலவசக் கதவைத் தன் கையாலேயே சாத்துகிறார் அந்த மனிதர். அவருக்கு இது யாரும் சொல்லவில்லை. ஜனவரியில் மேடையில் இருந்த யாரும் சொல்லவில்லை. முன் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை.

அன்று இரவே அந்தப் பையனுக்கு போன் போட்டேன். (இதை எழுதுவதற்கு அவனிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்றான்.) விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நான் சும்மா ஒரு வேகத்துல சொன்னேன் டீச்சர்" என்றான். "இந்த 7.5 எல்லாம் எனக்குத் தெரியாது, நான் படிக்கும்போது இல்லையே" என்றான். உண்மைதான்.

பிறகு கேட்டேன். "சரிடா, நீ தமிழ் மீடியத்துல படிச்சு எப்படி அங்க போய் நின்ன? அதைச் சொல்லு."

சொன்னான். முதல் வருடம் மூன்று அரியர், அதில் ஒன்று கணக்கு. விடுதி அறைத் தோழன் ராத்திரி ராத்திரி சொல்லிக் கொடுத்து எழுதித் தேறினான். படிப்பு முடிந்து எட்டு மாதம் வேலை இல்லை. முதல் வேலை 12,000 ரூபாய் சம்பளம். காரில் நாலைந்து போனை வைத்துக்கொண்டு சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையில் போய் வந்துகொண்டே எந்த இடத்தில் சிக்னல் எவ்வளவு என்று குறிப்பெடுக்கிற வேலை. பகலில் வெயில், ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து புரோகிராமிங் படித்திருக்கிறான். ஆங்கிலம் எப்படி வந்தது என்றால், கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் அவன் எழுதுகிற ஒவ்வொரு மெயிலையும் அனுப்புவதற்கு முன் திருத்திக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடத்தில் சரியாகிவிட்டது. சாலையில் சிக்னல் அளந்த அனுபவம்தான் பின்னால் பெங்களூர் வேலைக்கு வழி விட்டதாம்.

"இதையெல்லாம் ஏன்டா அன்னைக்குச் சொல்லல?"

"அசிங்கமா இருந்துச்சு டீச்சர்."

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். உங்கள் கட்டடத்தைக் காட்டுவதற்கு முன்னால் அந்த எட்டு மாதத்தைக் காட்டுங்கள். அரியரைச் சொல்லுங்கள், 12,000 ரூபாயைச் சொல்லுங்கள், மெயில் திருத்திய பெரியவரைச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குத் தூரத்தில் தெரிகிற கோபுரம் ஏற்கெனவே தெரியும், செல்போனில் தினமும் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், வழியில் எங்கே இறக்கி விட்டுவிடுவார்கள் என்பதுதான்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலைக்கான குறிப்பேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, வேண்டும்தான். ஆனால் "ஆங்கிலம் கற்றுக்கொள்" என்பது ஒரு பேச்சு, "தமிழில் படித்தது குறை" என்பது வேறு பேச்சு. ஜகதீஷ் சந்திர போஸை நம் பாடப்புத்தகத்தில் செடிக்கு உணர்ச்சி உண்டு என்று சொன்னவராகத்தான் நாம் நடத்துவோம். அவர் 1895-இல் கல்கத்தாவில் கம்பியில்லா அலையை அனுப்பி, சுவருக்கு அந்தப்பக்கம் மணி அடிக்க வைத்தவர். அவர் கையாண்டது மில்லிமீட்டர் கணக்கில் நீளமுள்ள குட்டி அலைகள், இன்று ஐந்து ஜி-யின் உயர் அலைவரிசைகளில் பேசப்படும் அதே வகை. அவருடைய அப்பா வெள்ளைக்காரர் ஆட்சியில் பெரிய உத்தியோகத்தில் இருந்தும், மகனை முதலில் ஊர்ப் பிள்ளைகளோடு வங்காள மொழிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினார். ஆங்கிலப் பள்ளி அதற்கு அப்புறம். நம் காலத்தில் பார்த்தால், சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளமோ படித்துவிட்டுப் பொறியியலுக்குப் போனவர். நம் பக்கத்துத் தெருப் பெண்ணும் அதே வழிதான். பத்தாவது முடித்து மூன்று வருடம் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, பிறகு பி.இ. நேரடியாக இரண்டாம் வருடம். அவளும் ஜனவரியில் இதைச் சொல்ல மறந்துவிட்டாள், அலைகளிலேயே நேரம் போய்விட்டது. அவளையும் விட மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை போவதைப் பற்றியும் பேசுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா செல்போன் தொழிற்சாலை தொடங்கியபோது ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைத்தது. 2014 நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றது. அலை அப்படியேதான் இருக்கிறது, போன் மாறிவிட்டது. இதைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் பயந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மழை பொய்த்து வெள்ளாமை போன வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் அவர்கள்.

நான் யாரையும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நானே செய்திருக்கிறேன். பட்டம் படிக்காதவள், ஆசிரியர் பட்டயப் பயிற்சி மட்டும் முடித்து வேலைக்கு வந்தவள் நான். அந்தப் படிப்பு எனக்குச் சோறு போட்டது. அதனால் 2005, 2006 வாக்கில் வீடு தேடி வந்து யோசனை கேட்ட அத்தனை பேரிடமும், "டீச்சர் டிரெயினிங் சேர்த்து விடுங்க, வேலை நிச்சயம்" என்று சொன்னேன். என் பதிவு மூப்புக் காலத்து அனுபவத்தை வைத்துச் சொன்னேன். அப்போது ஊருக்கு ஊர் பயிற்சி நிறுவனங்கள் முளைத்துக்கொண்டிருந்தன, எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை இடம் காலியாகிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு தகுதித் தேர்வும் வந்தது. என் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்களில் மூன்று பேர் இன்று ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "டீச்சர் நல்லா இருக்கீங்களா" என்று சிரிக்கத்தான் செய்கிறார்கள். எனக்குத்தான் முகம் பார்க்க முடிவதில்லை.

சரி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் அந்தப் பையனே அவளுடைய அப்பாவுக்கு போன் செய்து ஒரு மணி நேரம் பேசினான். அரியர் உட்பட எல்லாவற்றையும் சொன்னானாம். அப்பா டி.சி.-யை வாங்கிக்கொண்டு வந்து துறையூர் அரசுப் பள்ளியில் கணக்கு, இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவில் சேர்த்துவிட்டார். அட்வான்ஸ் 5,000 திரும்பி வரவில்லை. அதைத் தான் தருவதாகப் பையன் சொன்னான், அவர் வாங்கவில்லை.

அதே வகுப்பில் இன்னொரு பையனும் அதே பேச்சைக் கேட்டு அதற்கு முன்பே தனியார் பள்ளிக்குப் போய்விட்டான் என்று எனக்கு ஜூலையில்தான் தெரிந்தது. பருத்தி எடுக்கிற வீடு. கட்டணம் கட்டியாயிற்று, புத்தகம் வாங்கியாயிற்று. நான் போய்ப் பேசினேன். "இனிமே என்ன டீச்சர் பண்றது" என்றார் அவன் அம்மா. என்னிடமும் பதில் இல்லை.

அடுத்த பொங்கலுக்கு மறுபடியும் நிகழ்ச்சி வைக்கத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். இந்த முறை சால்வை கிடையாது, நான் சொல்லிவிட்டேன். திரையும் அவசியம் இல்லை. வருகிறவர்கள் உங்கள் வேலையில் ஏதாவது ஒரே ஒரு விஷயத்தை, புளூடூத் எப்படிப் பக்கத்து மேசை போனோடு குழம்பாமல் பேசுகிறது என்பது மாதிரி, நம் பாஷையில் பிள்ளைக்குப் புரிகிற வரை சொல்லுங்கள். பாதி நேரம் கேள்விக்கு விடுங்கள். ஒதுக்கீடு, உதவித்தொகை, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. விவரங்களை அந்த வருடத்து நிலவரப்படி ஒரு தாளில் எழுதி, பெற்றோர் கையில் கொடுக்க நான் ஏற்பாடு செய்கிறேன். தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், பெரிய மழை பெஞ்சா டிஷ் ஆன்டெனாவுல டி.வி. போயிடுது. ஆனா போன்ல சிக்னல் இருக்கே. ரெண்டுமே அலைதானே?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். யாரையாவது கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர்கள் எனக்கு போன் செய்யுங்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவேன், மற்ற நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.